எந்த மாநாட்டுக்குப் போவது?

"ஒன்பது மாநாட்டுக்கு அழைப்பு வந்திருக்கு, டீச்சர். இந்த வருஷம் ரெண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. எந்த ரெண்டு?"

ஆரோக்கியநாதன் பட்டியலை மேசைமேல் வைத்தார்.

தில்ஷாத் அதைக் கையில் எடுக்கவில்லை.

ஆரோக்கியநாதனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அம்பத்தூரில் பெரிய டேட்டா சென்டர் ஒன்றின் தலைமை அதிகாரி. வங்கிகளும் மருத்துவமனைகளும் தங்கள் கணினிகளை அவர் பொறுப்பில்தான் விட்டு வைத்திருந்தன.

தில்ஷாத்துக்கு முப்பத்தொன்பது. எங்காவது ஒரு டேட்டா சென்டர் நின்றுபோனால், ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க அவரைக் கூப்பிடுவார்கள். மூன்று வருடங்களுக்கு முன் அவர் நடத்திய ஆறு வார வகுப்பில் ஆரோக்கியநாதன் கடைசி வரிசையில் உட்கார்ந்து படித்தார். அன்று முதல் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அதில் கேலி கிடையாது.

"போன வருஷம் எத்தனைக்குப் போனீங்க, சார்?"

"ஆறு."

"என்ன கேட்டீங்க?"

"சிங்கப்பூர்ல முதல் நாள் முக்கியப் பேச்சே என்னோடதுதான். 'ஒரு நொடியும் நிற்காத சேவை'ன்னு தலைப்பு. துபாய்ல குழு விவாதம், நான் நடு நாற்காலி. மும்பையில..."

"பேசினதைச் சொல்றீங்க. நான் கேட்டது, நீங்க என்ன கேட்டீங்கன்னு."

ஆரோக்கியநாதன் யோசித்தார்.

"மத்தவங்க பேசும்போது நான் பெரும்பாலும் ஹாலுக்கு வெளியில இருப்பேன். நாலு பேரைப் பார்க்கணும், கார்டு கொடுக்கணும். அது ஒரு வேலை, டீச்சர்."

"யார்கிட்டயாவது ஒரு சந்தேகம் கேட்டீங்களா?"

"மேடையில உட்கார்ந்துக்கிட்டுச் சந்தேகம் கேட்டா நல்லாவா இருக்கும்?"

தில்ஷாத் தலையாட்டினார்.

"சாப்பாடு எங்க நல்லா இருந்துச்சு?"

"துபாய்."

சொன்ன பிறகுதான், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தான் யோசிக்கவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

தில்ஷாத் சிரிக்கவில்லை.

"வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு ஒரு கூட்டம் இருக்கு. வாங்க."

"என்ன மாநாடு? யார் நடத்துறாங்க?"

"மாநாடுன்னு சொல்ல முடியாது. பேர்கூடக் கிடையாது."

"நான் எதைப் பத்திப் பேசணும்?"

"முதல்ல வாங்க, சார்."

*

அப்படியும் ஆரோக்கியநாதன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டுதான் போனார். அதில் சிங்கப்பூர் பேச்சின் படங்கள் இருந்தன. கேட்டால் காட்டலாம்.

கூட்டம் ஒரு பாலிடெக்னிக்கின் வரைபட அறையில் நடந்தது. மேடை இல்லை. மைக் இல்லை. கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை தருவார்கள் என்று வாசலில் நின்று பார்த்தார். தரவில்லை.

நாற்பது பேர் இருக்கும். எல்லாரும் டேட்டா சென்டர்களில் கையை அழுக்காக்கி வேலை செய்கிறவர்கள். வரைபட மாணவர்களின் உயரமான முக்காலிகளில் கால் தொங்க உட்கார்ந்திருந்தார்கள்.

கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது:

கம்பெனி பேர் வேண்டாம்.
அவரவர் தவறு மட்டும்.

ஆரோக்கியநாதன் மடிக்கணினிப் பையை முக்காலிக்கு அடியில் தள்ளினார்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் முதலில் எழுந்தார். தப்பான ஸ்விட்சை அணைத்து ஒரு தளத்தையே இருட்டாக்கிய கதையைச் சொன்னார். குழம்பு வைக்கிற பக்குவம் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார்.

"அந்த இடத்துல விளக்கு இருந்துச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்லைங்க. டார்ச்சைப் பல்லுல கடிச்சுக்கிட்டுதான் பார்த்தேன்."

நாற்பது பேரும் அதை எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாவது ஆள் பேசி முடித்தார். மூன்றாவது ஆளும் முடித்தார். ஆரோக்கியநாதன் ஒருமுறைகூட வெளியே போகவில்லை. யாரிடமோ பேனா வாங்கி, தன் கார்டின் பின்புறத்திலேயே எழுத ஆரம்பித்திருந்தார்.

நான்காவதாக ஜன்னல் ஓரத்திலிருந்து ஒருவர் எழுந்தார். சட்டைப் பையில் ஒரு துணிக்கடையின் பெயர் தைத்திருந்தது.

"நான் இப்ப டேட்டா சென்டர்ல இல்லைங்க. ஒரு துணிக்கடையில ஏசி பார்க்குறேன். பரவாயில்ல, வாங்கன்னு சொன்னாங்க."

முகத்தைப் பார்க்கும் முன்பே ஆரோக்கியநாதனுக்குக் குரல் தெரிந்துவிட்டது.

வேல்மயில். அவரிடம் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். போன வருடம் அவரே கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பியவன்.

"போன வருஷம் ஏப்ரல் மாசம். மதியம் பன்னிரண்டே கால். குளிர்நீர் பம்ப் நின்னுபோச்சு. மாத்து பம்ப் தானா ஓட ஆரம்பிச்சது. ஆனா தண்ணி வரல. முந்தின நாள் சர்வீஸுக்காக மூடின வால்வை நான் திறக்க மறந்துட்டேன்."

"உடனே திறக்க வேண்டியதுதானே?"

"வால்வு கூரைக்குப் பக்கத்துல இருக்குதுங்க. பெரிய ஏணி வேற கட்டடத்துல. ஆள் அனுப்பினேன். அதுக்குள்ள ஹால்ல சூடு ஏறுது. முப்பத்தொண்ணு. முப்பத்தாறு. பாதி சர்வரை நாமளே அணைச்சுட்டா மீதியைக் காப்பாத்திடலாம். ஆஸ்பத்திரி சர்வரை விட்டுட்டு எதை எதை அணைக்கணும்னுகூட எனக்குத் தெரியும். ஆனா அணைக்கணும்னா தலைமை அதிகாரி அனுமதி வேணும். அவர் வெளியூர்ல இருந்தார். ஃபோன் பண்ணேன். ஏழு தடவை பண்ணேன்."

"அப்புறம்?"

"ஃபோன் வரும்னு நின்னேன். பதினெட்டு நிமிஷம். நாற்பத்தஞ்சு டிகிரியில எல்லாம் தானா அணைஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரி சர்வரும் சேர்ந்து."

வேல்மயில் கையிலிருந்த துண்டுத்தாளைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அன்னைக்கு அந்த ஆஸ்பத்திரியில பதினோரு பேருக்கு ஆபரேஷன் தள்ளிப்போச்சு. அதுல ஒண்ணு சின்னப் பிள்ளை. காலையில இருந்து பட்டினி போட்டு வச்சிருந்தாங்களாம், பசியில அழுதுக்கிட்டே இருந்துச்சாம். நான் மறுநாள் நேர்ல போய் விசாரிச்சேன்."

"பிள்ளைக்கு?"

"மறுநாளே பண்ணிட்டாங்க. நல்லா இருக்கு."

வேல்மயில் துண்டுத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"என் தப்பு ரெண்டுங்க. வால்வை மறந்தது ஒண்ணு. அணைக்காம ஃபோனைப் பார்த்துக்கிட்டு நின்னது ஒண்ணு."

ஓசூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினார்.

"அனுமதி இல்லாம அணைக்கக் கூடாதுன்னு விதி போட்டது யாரு? அந்த அதிகாரி ஏன் ஃபோனை எடுக்கல?"

வேல்மயில் கரும்பலகையைக் காட்டினார்.

"அது என் தப்பு இல்லைங்களே. நான் சொல்லக் கூடாது."

உட்காரத் திரும்பியபோதுதான் அவர் ஆரோக்கியநாதனைப் பார்த்தார். பார்த்ததும் பழக்கத்தில் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

ஆரோக்கியநாதன் பார்வையை முழங்காலுக்கு இறக்கினார்.

அந்த மதியம் அவர் சிங்கப்பூர் மேடையில் நின்றுகொண்டிருந்தார். பாக்கெட்டில் ஃபோன் மின்னினால் படத்தில் விழும் என்று புகைப்படக்காரர் சொன்னதால் அணைத்து வைத்திருந்தார். திரும்பி வந்து விசாரணை அறிக்கையை அவரே எழுதினார். 'பணியாளர் உரிய நேரத்தில் முடிவெடுக்கத் தவறினார்.' ஏழு அழைப்புகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. விதி யார் போட்டது என்றும் இல்லை. விதியைப் போட்டதும் அவர்தான்.

அடுத்தவர் பேச எழுந்தார். ஆரோக்கியநாதன் எழவில்லை.

*

தேநீர் இடைவேளையில் வேல்மயில் அவரைத் தேடி வந்தார். கையில் இரண்டு கோப்பை.

"வணக்கம் சார். சர்க்கரை கம்மியா சொல்லி வாங்கினேன்."

ஆரோக்கியநாதன் வாங்கிக்கொண்டார்.

"நீங்க வருவீங்கன்னு தெரியாது சார். தெரிஞ்சிருந்தா வேற கதை சொல்லியிருப்பேன்."

"ஏன்?"

"உங்களுக்குச் சங்கடமா இருக்கும்ல."

குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதில்கூடச் சொல்லியிருப்பார். வேல்மயில் நிஜமாகவே வருத்தப்பட்டுக்கொண்டு நின்றார்.

ஆரோக்கியநாதன் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதோடு படியிறங்கினார். கீழ்ப்படியில் தில்ஷாத் நின்றிருந்தார்.

"டீச்சர், தெரிஞ்சுதான் என்னை வரச் சொன்னீங்களா?"

"என்ன தெரிஞ்சு?"

அவர் முகத்தைப் பார்த்தார் ஆரோக்கியநாதன். தில்ஷாத்துக்கு ஒன்றும் தெரியாது.

அப்படியே பேசாமல் வண்டி ஏறியிருக்கலாம். அவருக்கே அது தெரிந்திருந்தது.

எல்லாவற்றையும் சொன்னார். மேடை, ஃபோன், விதி, அறிக்கை. அறிக்கையின் அந்த வரியை எழுதியபோது 'தவறினார்' என்பதா 'தயங்கினார்' என்பதா என்று யோசித்து, கடுமையானதைத் தேர்ந்தெடுத்ததையும் சொன்னார். தேநீர் ஆறி மேலே ஆடை படிந்தது.

தில்ஷாத் முழுவதையும் கேட்டார்.

"இதை ஏன் சார் என்கிட்ட சொல்றீங்க?"

"வேற யார்கிட்ட சொல்றது, டீச்சர்?"

தில்ஷாத் மேலே அறையின் கதவைப் பார்த்தார். ஆட்கள் திரும்ப உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

*

"நான் பேசலாமா?"

முப்பது வருடங்களில் அவர் எந்தக் கூட்டத்திலும் கேட்காத கேள்வி அது.

எழுந்து நின்றார். மேடைப் பேச்சில் கைகள் தாமாக அசையும். இன்று எங்கே வைப்பது என்று தெரியாமல் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஏழு ஃபோனும் எனக்குத்தான் வந்துச்சு. அணைச்சு வச்சிருந்தேன். அந்த விதியை எழுதினது நான். அவர் முடிவெடுக்கலைன்னு அறிக்கை எழுதினதும் நான். முடிவெடுக்கக் கூடாதுன்னு தடுத்து வச்சிருந்தவனே நான்தான். அதை அறிக்கையில எழுதல. ஆஸ்பத்திரிக்கு நான் போகல. ஒரு சின்னப் பிள்ளை இருந்ததே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

வேல்மயில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேல்மயில், மன்னிச்சிருங்க" என்றார் ஆரோக்கியநாதன். அத்தனை வருடங்களில் அவனை நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் எல்லாரும் கேட்டார்கள்.

யாரும் கைதட்டவில்லை. யாரும் ஆறுதல் சொல்லவும் இல்லை. நாற்பது பேனாக்கள் எழுதிக்கொண்டிருந்தன.

ஓசூர்ப் பெண் நிமிர்ந்தார்.

"அந்த விதி இப்ப என்ன ஆச்சு, சார்?"

"எது?"

"அணைக்கணும்னா உங்க அனுமதி வேணும்ங்கிறது. இன்னைக்கு நீங்க இங்க இருக்கீங்க. அங்க பம்ப் நின்னா, டியூட்டியில இருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?"

ஆரோக்கியநாதன் மனதுக்குள் கணக்குப் பார்த்தார்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. வேல்மயிலை மாற்றினார். பம்பை மாற்றினார். அறிக்கைக்கு அட்டை போட்டு அலமாரியில் வைத்தார்.

"அப்படியேதான் இருக்கு."

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தார்.

ஆரோக்கியநாதன் முக்காலிகளுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டே வெளியே வந்தார். வராந்தாவில் நின்று டேட்டா சென்டருக்கு ஃபோன் செய்தார். வேல்மயில் இருந்த இடத்தில் இப்போது பொற்செல்வி இருக்கிறாள். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்தாள்.

"சார்? ஏதாவது பிரச்சினையா சார்?"

"ஒண்ணும் இல்லம்மா. இனிமே ஹால்ல சூடு ஏறினா என்னைக் கேட்க வேண்டாம். எதை அணைக்கணுமோ நீங்களே அணைச்சுடுங்க. நான் பார்த்துக்கிறேன்."

மறுமுனையில் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"கேட்குதாம்மா?"

"கேட்குது சார்."

பிறகு குரலைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையோடு பொற்செல்வி கேட்டாள்.

"இதை எழுத்துல தருவீங்களா, சார்?"