செங்கோடன் கைவிடாத ஹேண்டில்பார்

கோணமேட்டில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஆளுக்கு ஆள் புத்திசாலி. அவர்களில் முதல் ஆள் மாட்டுத் தரகர் செங்கோடன்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். சந்தையில் பட்ட அடியிலும் உதையிலும் தொழில் கற்றவர். சட்டென்று கோபம் வரும். ஆனால் பேரத்தில் அவரை அசைக்க ஆள் இல்லை. பேசிப் பேசியே சம்பாதித்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். ராத்திரி மழை வந்தால் அவர் நனைவார், வண்டி நனையாது.

மாட்டு வியாபாரத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கைமேல் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் பேச்சு. ஒரு விரல் என்றால் பத்தாயிரம். அக்கம்பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாது பாருங்கள்.

ஒருநாள் செங்கோடன் வண்டி ஓட்ட, கூட்டாளி மாரப்பன் பின்னால் உட்கார்ந்திருந்தான். அதே ஊர்க் குப்பையனின் காளை என்ன விலைக்குப் போகும் என்று பேச்சு வந்தது. சாலையில் ஈ காக்கை இல்லை. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே! செங்கோடன் இடது கையைப் பின்னால் நீட்டினார். மாரப்பன் துண்டைப் போர்த்தி மூன்று விரலைப் பிடித்தான்.

செங்கோடனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அந்தக் காளைக்கு ஒரு கை விரல் போதாது என்று காட்ட, வலது கையையும் பின்னால் கொடுத்தார். வண்டி தன் இஷ்டத்துக்குப் போய்ப் புளியமரத்தில் முட்டி நின்றது.

செங்கோடனுக்கு முழங்காலில் ஏழு தையல். மாரப்பனுக்கு ஒரு பல் போயிற்று. யார்மேல் தப்பு என்று ஊர் கூடிப் பேசியது. மரம் நூறு வருஷமாக அங்கேயே நிற்கிறது, வண்டி நேற்று வந்தது, ஆகவே வழி தெரிந்த மரம்தான் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

கட்டுப் போட்ட நர்சம்மாவுக்கு மட்டும் அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. செங்கோடனின் மனைவி பாவாத்தாளைக் கூப்பிட்டு மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார். ஹெல்மெட் இல்லாத தலை வண்டிப் பக்கம் வரக் கூடாது. முன்னால் போகிற வண்டிக்கு ஐம்பதடி பின்னால்தான் போக வேண்டும். கிளம்பினால் வீடு போய்ச் சேருகிற வரைக்கும் ரெண்டு கையும் ஹேண்டில்பாரை விட்டு வரக் கூடாது.

பாவாத்தாள் மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டாள்.

"வர்ற சந்தைக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. மூணுல ஒண்ணு தப்பினாலும் வண்டி என் தம்பிக்கு" என்றாள்.

தம்பி சடையப்பன் அன்றைக்கே வந்து உட்கார்ந்துவிட்டான். வண்டிக் கண்ணாடியைத் தன் துண்டால் துடைத்துத் தலையும் சீவிக்கொண்டான். அதைப் பார்த்த செங்கோடன், உயிரே போனாலும் மூன்றில் ஒன்றும் தப்பக் கூடாது என்று மனசுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டார்.

சந்தை நாள் வந்தது. குப்பையன் விடியற்காலையிலேயே காளையை ஓட்டிக்கொண்டு நடந்துவிட்டான். ஊரில் ஹெல்மெட் ஒன்றுதான், அதைச் செங்கோடன் போட்டுக்கொண்டார். மாரப்பன் சோற்றுக் குண்டாவைக் கவிழ்த்துக்கொண்டான். வண்டியில் முதுகைச் சொறிந்துகொண்டிருந்த ஆட்டுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கட்டிவிட்டார்கள்.

பாதி வழியில் ஒரு லாரி நின்றது. செங்கோடன் ஐம்பதடிக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார். மாரப்பன் இறங்கிக் கயிறு போட்டு அளந்து பார்த்தான். சரியாக இருந்தது.

"இது நிக்கிற வண்டிதானே, முன்னால போற வண்டி இல்லியே" என்றான் மாரப்பன்.

"நிக்கிற வண்டி போகாதுன்னு உனக்கு எழுதிக் குடுத்திருக்கா? நாம பக்கத்துல போறப்பப் பார்த்துக் கிளம்புச்சுன்னா, வண்டி போகும். வண்டின்னா எந்த வண்டி? என் வண்டி."

இரண்டு மணி நேரம் நின்றார்கள். செங்கோடனுக்கு மூக்கு அரித்தபோது மாரப்பன்தான் சொறிந்துவிட்டான். கடைசியில் மாரப்பனே போய்ப் பார்த்தான். லாரி பஞ்சராகிக் கிடந்தது, டிரைவர் அடியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி, சக்கரம் மாட்டிக்கொடுத்து, லாரியை வழியனுப்பி, அதன் பின்னால் ஐம்பதடியில் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

சந்தை வாசலில் வேறு சிக்கல். வண்டியை உள்ளே விட மாட்டார்கள். செங்கோடனோ ஹேண்டில்பாரை விட மாட்டார். உள்ளே குப்பையனின் காளைக்கு வியாபாரி காத்திருக்கிறார். மாரப்பன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு ஸ்பானரை வாங்கி வந்தான். நாலு நட்டைக் கழற்றி, ரெண்டு வயரை அறுத்ததும், ஹேண்டில்பார் செங்கோடன் கையோடு வந்துவிட்டது.

ஹேண்டில்பாரும் ஹெல்மெட்டுமாகச் செங்கோடன் சந்தைக்குள் நடந்தார். சந்து திரும்பும்போது அதை ஒடித்தும் திருப்பினார். மாரப்பன் பின்னால் வாயாலேயே ஹாரன் அடித்தான். மாடுகளே ஒதுங்கி வழிவிட்டன.

வியாபாரி துண்டைப் போர்த்திக் கையை விட்டார். நாலு விரல் பிடிக்கப் பார்த்தார். நாலு விரலோடு பிரேக் கம்பியும் சேர்ந்து கைக்குள் வந்துவிட்டது. பதறிப் போய் விட்டுவிட்டு மறுபடி பிடித்தார். மறுபடியும் ஐந்து.

"புடிச்சது புடிச்சதுதானுங்க. அம்பதாயிரம்" என்றார் செங்கோடன். தலையில் ஹெல்மெட்டும் கையில் இரும்புமாக நிற்கிற ஆளிடம் வியாபாரி வழக்குப் பேசவில்லை. காளையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாட்டை விற்றாலும் கயிற்றை விற்பதில்லை என்பது வழக்கம். குப்பையன் அந்தக் கயிற்றை வண்டியின் முன்சக்கரத்துக்கு மேலே கட்டினான். வண்டிப் பக்கம் வருகிற தலை என்பதால் தவிட்டுக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு, வண்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அதற்கு ஐம்பதடி பின்னால் செங்கோடன் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நடந்தார். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாரப்பன்.

பொழுது சாய வீட்டை நெருங்கினார்கள். குப்பையன் வாசற்படி வரை இழுத்து வந்து வண்டியை நிறுத்தினான். ஐம்பதடிக்குப் பின்னால் செங்கோடனும் நின்றார். வீடு கண்ணுக்குத் தெரிகிறது, போய்ச் சேர முடியவில்லை. சேராமல் கையை எடுக்க முடியாது. சடையப்பன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டான்.

வண்டியை ஓரமாகத் தள்ளினால் என்ன என்று கேட்டான் குப்பையன்.

"தள்ளினா நான் அதை முந்தின மாதிரி ஆயிடும். முந்தலாம்னு நர்சம்மா சொன்னாங்களா?" என்று சீறினார் செங்கோடன்.

சொல்லவில்லை என்று பாவாத்தாளும் ஒத்துக்கொண்டாள். அப்படியானால் வண்டி முன்னால்தான் போக வேண்டும். முன்னால் வீடு. வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது.

"தம்பி, கடப்பாரையை எடு" என்றாள் பாவாத்தாள்.

வண்டிக்கு ஆசைப்பட்டு வந்த சடையப்பன் வேர்க்க விறுவிறுக்க அக்காளின் சமையலறைச் சுவரை இடித்தான். குப்பையன் வண்டியைக் கூடம் வழியாக, அடுப்பைத் தாண்டி, ஓட்டைக்கு வெளியே சோளக்காட்டுக்குள் இழுத்துப் போனான். மாரப்பன் கயிறு போட்டு அளந்து கையைத் தூக்கினான்.

செங்கோடன் வலது காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் வந்தார். ஹேண்டில்பாரைக் கீழே வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினார்.

"பார்த்துக்க பாவாத்தா. போன தடவை மரத்துல முட்டினேன். இந்தத் தடவை ஒரு இடத்துலயும் முட்டலை."

பாவாத்தாள் அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். ஒரு சிராய்ப்பு இல்லை. தம்பிக்கென்று மடியில் வைத்திருந்த மாற்றுச் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். சடையப்பன் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினான்.

அப்போது, தாங்கச் சுவர் இல்லாத கூரையிலிருந்து ஒரு ஓடு சரிந்து வந்து செங்கோடனின் ஹெல்மெட்டில் டொக்கென்று விழுந்து உடைந்தது. இன்னொன்று மாரப்பனின் குண்டாவில் விழுந்தது.

செங்கோடன் அண்ணாந்து பார்த்தார்.

"படிச்ச நர்சம்மா சும்மாவா சொல்லுவாங்க?" என்றார். "வீட்டுல இப்படி நடக்கும்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு பாரு."