கரிச்சான் பொன்னிறத்தைத் துறந்த கதை

அந்தக் காலத்தில், பறவைகளெல்லாம் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, கரிச்சான் கறுப்பாக இல்லை. இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். மாட்டின் முதுகில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறதே, அந்தக் கரிச்சானா என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு அதன் பெயரே வேறு. பொன்வாலன் என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். உச்சி முதல் வால் வரை பொன்னிறம். வாலோ விசிறி போல் அகன்று ஒரே பரப்பாக இருக்கும். நாட்டை ஆண்டது பருந்து. பருந்தரசனுக்கு அடுத்த கிளையில் உட்காரும் உரிமை பொன்வாலன் குலத்துக்கு மட்டுமே இருந்தது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பங்குனியில் வெயில் ஏறியதும் சின்னக் குருவிகளெல்லாம் கூடு கட்டும். கூட்டில் இட்ட முதல் முட்டை அரசனுக்கு. அதற்குக் காப்பு முட்டை என்று பெயர். இலவம்பஞ்சு பரப்பிய தொன்னையில் வைத்து, முன்னால் ஒருவர் வழி விலக்க, மரியாதையாக அரண்மனை ஆலமரத்துக்கு ஏந்திப் போவார்கள். அங்கே அடைகாத்துப் பொரித்து, குஞ்சுக்குச் சிறகு முளைத்ததும் கரட்டுமலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் எல்லைப் படையில் சேர்ப்பார்களாம். அந்தப் படை நிற்பதால்தான் மீதி முட்டைகளைப் பாம்பும் பகையும் தீண்டாமல் இருக்கிறதாம். எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. மலையைத் தாண்டச் சின்னப் பறவைகளுக்கு அனுமதி கிடையாது.

அந்த வருஷம் காப்பு முட்டை வாங்கி வரும் பொறுப்பு மருதய்யன் என்ற இளம் பொன்வாலனுக்கு வந்தது. படைக்குத் தளவாயாக இருந்தவரின் ஒரே மகன். கெட்டவன் இல்லை. சொல்லப்போனால் நல்லவன், தான் பிறந்த இடமும் தன் அப்பா செய்யும் வேலையும் நல்லவை என்று நம்பிய அளவுக்கு நல்லவன். காலையில் அரண்மனையில் தரும் மஞ்சள் அமுதை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பின்னால் இரண்டு சேவகர்களோடு, கூடு கூடாகப் போனான். ஒவ்வொரு தாயையும் பார்த்து, "உங்க பிள்ளை நாட்டைக் காக்கப் போகுது" என்று சொல்லும்போது அவனுக்கே நெஞ்சு விம்மியது.

கடைசியாகப் போனது ஒரு கருவேல மரத்துக்கு. அங்கே பூவாயி என்ற கொண்டைக்குருவி கூட்டை மூடியபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"சின்னத்துரை, மூணு முட்டை இட்டேன். ரெண்டை நேத்து சாரைப்பாம்பு தின்னுட்டுப் போயிருச்சு. மிச்சம் இருக்கறது இந்த ஒண்ணுதான்."

"அது எத்தனாவது முட்டை?"

"மொதல்ல இட்டது."

மருதய்யனுக்குச் சங்கடமாகிவிட்டது. பாம்பு எப்படி வந்தது, காவல் எங்கே போனது என்று அவனுக்கே புரியவில்லை. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். "இங்க இருந்தா பாம்பு இதையும் தின்னும், பூவாயி. ஆலமரத்துல இருந்தா பத்திரமா இருக்கும். இது என் வாக்கு" என்றான்.

பூவாயி அவன் முகத்தையே பார்த்தாள். "போன வருஷம் ஒண்ணைக் குடுத்தேன். படையில சேர்த்திருப்பாங்க. நல்லா இருக்கானான்னு மட்டும் ஒருவாட்டி பார்த்துட்டு வந்து சொல்றீங்களா? சொல்றதா வாக்கு குடுத்தா இதை இப்பவே குடுக்கறேன்."

இதுவரை யாரும் அவனிடம் இப்படிக் கேட்டதில்லை. கேட்டதில் ஒரு தப்பும் அவனுக்குத் தெரியவில்லை. "இன்னிக்கே போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லி, முட்டையைத் தானே தொன்னையில் எடுத்து வைத்தான். இளஞ்சிவப்பில் செம்புள்ளி தெளித்த முட்டை. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதை ஆலமரத்தில் ஒப்படைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கரட்டுமலை ஏறினான். தளவாய் மகனை யார் தடுக்கப்போகிறார்கள்?

மலையுச்சியிலிருந்து பார்த்தபோது அந்தப் பக்கத்துச் சரிவு முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. தும்பை பூத்திருக்கிறது என்று நினைத்தான். படை அந்தப் பூவுக்குள் தங்கியிருக்கும் என்று நினைத்து ஆசையாக இறங்கினான். கால் பட்டதும் நொறுங்கியது.

தும்பை இல்லை. முட்டை ஓடு.

கால் வைத்த இடமெல்லாம் ஓடு. கீழே கிடந்தவை பல வருஷத்து வெயிலில் வெளுத்துப் போயிருந்தன. மேலே கிடந்தவற்றில் நிறம் இருந்தது. மைனாவின் நீலம், சிட்டின் சாம்பல் புள்ளி, கொண்டைக்குருவியின் செம்புள்ளி. குஞ்சு வெளியே வந்த ஓடு எப்படி உடைந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும். இவை அப்படி உடையவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில், அலகு நுழையும் அளவுக்கு ஒரே ஒரு ஓட்டை. மருதய்யன் பறக்க மறந்து அங்கேயே நின்றான்.

அப்போது மேலேயிருந்து ஒரு கூடை முட்டை ஓடுகளைக் கொட்டிக்கொண்டு வந்து இறங்கியது, அரண்மனை மடைப்பள்ளிக்குப் பொறுப்பான அண்டங்காக்கை மூக்கையன்.

"சின்னத்துரை, நீங்க இங்கெல்லாம் வரலாமா? காலைக் குத்தும்."

"படை எங்க?"

"எந்தப் படை?"

"எல்லைப் படை. காப்பு முட்டையில பொரிச்ச படை."

மூக்கையன் தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தது. அந்தப் பார்வையில் கேலி இல்லை, பரிதாபம்தான் இருந்தது. அதுதான் மருதய்யனுக்குத் தாங்கவில்லை. "தளவாய் இன்னும் சொல்லலையா? இந்த ஆவணிக்குச் சொல்லலாம்னு இருந்திருப்பாரு. எல்லாப் பொன்வாலன் வீட்டுலயும் வயசு வந்ததும் சொல்றதுதானே. தினம் காலையில சாப்பிடுறீங்களே அமுது, அது என்ன ஆகாயத்துல இருந்தா விழுது?"

சொல்லிவிட்டு, கூடையைத் தட்டி உதறிக்கொண்டு போய்விட்டது. மடைப்பள்ளியில் அதற்கு வேலை கிடந்தது. மத்தியானம் விருந்து.

மருதய்யனின் தொண்டையில் காலையில் சாப்பிட்ட தித்திப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து வாந்தியெடுக்கப் பார்த்தான். வெறும் தண்ணீர்தான் வந்தது. முட்டையிலிருந்து வெளியே வந்த நாள் முதல் தின்றதெல்லாம் உடம்போடு சேர்ந்துவிட்டது, இனி எதை வெளியே கக்குவது? எவ்வளவு நேரம் அங்கே நின்றான் என்று அவனுக்கே தெரியாது. பூவாயியின் முட்டை நினைவுக்கு வந்த பிறகுதான் சிறகு அசைந்தது.

ஆலமரத்தில் விருந்து தொடங்கியிருந்தது. பருந்தரசன் உச்சிக் கிளையில் இருந்தான். பக்கத்தில் தளவாய். எதிரே வரிசையாகத் தொன்னைகள். மூக்கையன் முதல் முட்டையில் அலகை வைக்கும் நேரம்.

"ஐயா, இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றான் மருதய்யன்.

மகனின் முகத்தைப் பார்த்ததுமே தளவாய் விஷயம் தெரிந்துகொண்டார். கோபப்படவில்லை. "உட்காரு. எனக்கும் உன் வயசுல ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல. அப்புறம் சரியாயிருச்சு."

"அந்தத் தாய்கிட்ட நான் வாக்கு குடுத்திருக்கேன்."

"எல்லாரும்தான் குடுத்தோம்" என்றார் தளவாய். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பொன்னிறம் நமக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு நினைச்சே? சூரியனா குடுத்துச்சு? தலைமுறை தலைமுறையா இந்த மஞ்சளைத் தின்னுதான் இந்த மினுமினுப்பு. இது இல்லேன்னா நாமளும் ஒரு குருவி. யாரு நமக்கு வழி விடுவா?"

மருதய்யன் தன் சிறகைப் பார்த்தான். அவனுக்கு அப்பாமேல் உயிர். அந்த அப்பாவின் வாயிலிருந்து, அதே அன்பான குரலில், இப்படியொரு பேச்சு வந்ததைத்தான் அவனால் நம்பவே முடியவில்லை. மலைச்சரிவில் பார்த்ததைவிட இதுதான் அவனை அதிகமாக உலுக்கியது. செம்புள்ளி முட்டை இருந்த தொன்னையை அலகில் கவ்வினான், எழும்பிவிட்டான்.

அரசன் விருந்தில் கை வைத்தவன் அதுவரை யாரும் இல்லை. பருந்து சுதாரித்துப் பாய்ந்து எட்டிப் பிடித்தபோது அதன் நகத்தில் மாட்டியது மருதய்யனின் வால் மட்டும்தான். அவன் இழுத்தான். வாலின் நடுப்பகுதி அப்படியே கிழிந்து பருந்தின் காலோடு போயிற்று. இரண்டு பக்கமும் இரண்டு கீற்று மட்டும் மிஞ்சியது. முட்டை சிந்தவில்லை.

கருவேல மரத்தில் பூவாயி காத்துக்கொண்டிருந்தாள். முட்டை திரும்பி வந்ததைப் பார்த்ததும் அவள் சந்தோஷப்படவில்லை, பயந்தாள். அதை அவசரமாகக் கூட்டில் வாங்கி வைத்து மூடி உட்கார்ந்துகொண்டாள். பிறகு கேட்டாள்: "என் பெரியவனைப் பார்த்தீங்களா?"

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. படை தூரத்தில் இருக்கிறது, பார்க்க முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அரண்மனையில் வளர்ந்தவனுக்கு அது வராதா என்ன?

"மலைக்கு அந்தப் பக்கம் படையே இல்ல, பூவாயி. ஓடுதான் கிடக்கு. எல்லாத்தையும் அரண்மனையில தின்னுட்டாங்க." அவன் நிறுத்தினான். மூச்சு வாங்கியது. "தின்னதுல நானும் ஒருத்தன். உன் பிள்ளையை நானே தின்னிருக்கலாம். எனக்குத் தெரியாது."

மரத்தில் இருந்த மற்ற பறவைகளும் இதைக் கேட்டன. மைனா கேட்டது, சிட்டு கேட்டது, தவிட்டுக்குருவிக் கூட்டம் மொத்தமும் கேட்டது. எல்லாம் வருஷம் தவறாமல் தொன்னையில் கொடுத்தவை. ஒன்றும் அழவில்லை. அலகு திறந்தபடியே உட்கார்ந்திருந்தன. சதா சளசளக்கும் தவிட்டுக்குருவிகூட அன்று மத்தியானம் வாய் திறக்கவில்லை. அந்த அமைதியை மருதய்யன் தன் ஆயுள் முழுக்க மறக்கவில்லை.

கடைசியில் பூவாயிதான் பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை. "உன் மேல மினுங்குதே, அதுல என் பிள்ளை இருக்கான்."

சின்னத்துரை என்று அவள் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

மருதய்யன் அங்கிருந்து கிளம்பி ஏரிக்கரைக்குப் போனான். முதல் நாள் காட்டுத்தீயில் கோரைப்புல் எரிந்து அங்கே கரியும் சாம்பலுமாகக் கிடந்தது. சில இடத்தில் இன்னும் புகைந்தது. அதில் விழுந்து புரண்டான். சூடு தோலைச் சுட்டது, விடவில்லை. தலையைத் தேய்த்தான், மார்பைத் தேய்த்தான், சிறகு ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துத் தேய்த்தான். ஒரு இறகில்கூடப் பொன் தெரியாத வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கண்ணில் புகை ஏறிச் சிவந்துவிட்டது. அதற்காக அவன் கவலைப்படவும் இல்லை.

அடுப்புக்கரித் துண்டு போல் ஒரு பறவை திரும்பி வந்து கருவேல மர உச்சியில் உட்கார்ந்ததைப் பார்த்து, யார் இது என்று எல்லாம் முழித்தன.

"நான்தான். இங்கேயே இருந்துக்கட்டுமா?" என்றான்.

பூவாயி முட்டையை இன்னும் ஒட்டி மூடிக்கொண்டாள். பிறகு, "மேலேயே இரு. என் கிளைக்கு வராதே" என்றாள்.

பொழுது சாயும் முன் பருந்தரசன் வந்தான். தனியாகத்தான் வந்தான். ஒரு குருவி மரத்துக்குப் படை எதற்கு? மரத்தை ஒரு வட்டம் போட்டான். கீழே இருந்தவையெல்லாம் வழக்கம்போல் தலையைக் குனிந்தன. அந்த வட்டம் முடிவதற்குள் உச்சியிலிருந்து ஒரு கறுப்பு நேராக அவன் தலையில் வந்து விழுந்தது.

பருந்துக்கு அடியைவிட அதிர்ச்சிதான் அதிகம். தன்னில் கால்வாசி இல்லாத ஒன்று தன் மண்டையில் கொத்துகிறது! திரும்பிப் பிடிக்கப் பார்த்தான். பெரிய சிறகு சட்டென்று திரும்புமா? திரும்புவதற்குள் மருதய்யன் முதுகுப் பக்கம் போய்விட்டான். பிளந்த வால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி வெட்டித் திருப்பியது. மறுபடி கொத்து. மறுபடி. வானத்தில் இறகு பறந்தது. அத்தனை பறவைகளும் பார்த்துக்கொண்டிருக்க, நாட்டை ஆண்ட பருந்து கரட்டுமலைப் பக்கமாக ஓடிப்போனது. பிறகு சத்தம் கேட்டுத் துணைக்குக் கிளம்பி வந்த மூக்கையன் பாதி வழியிலேயே நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அதற்கும் முதுகில் ரெண்டு விழுந்தது.

அந்த வருஷத்தோடு காப்பு முட்டை நின்றது. கேட்டு வர யாருக்கும் துணிச்சல் இல்லை. முட்டை நின்றதும் அரண்மனைப் பொன்வாலன்களின் மினுமினுப்பு மாதத்துக்கு மாதம் மங்கியது. இளையவர்களில் சிலர் ஒவ்வொருவராக ஏரிக்கரைக்கு வந்து கரியில் இறங்கினார்கள். மருதய்யனின் சந்ததியும் அவர்கள் சந்ததியும்தான் இன்றைய கரிச்சான்கள். தளவாய் வரவில்லை. மகன் அவருக்காக ஒரு மழைக்காலம் முழுக்க ஆலமரத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டான்.

கரிச்சான் கறுத்ததும், வால் பிளந்ததும், கண் சிவந்ததும் அந்த ஒரு நாளில்தான். பருந்தையோ காக்கையையோ கண்டால் தன் அளவை மறந்து துரத்துவதும் அன்றிலிருந்துதான். கொண்டைக்குருவியும் மைனாவும் தவிட்டுக்குருவியும் இன்றைக்கும் கரிச்சான் இருக்கும் மரமாகப் பார்த்துத்தான் கூடு கட்டுகின்றன. கரிச்சான் உச்சியில் உட்கார்ந்து, விடிவதற்கு முன்பே கண் விழித்து, அவற்றின் முட்டைகளுக்குக் காவல் இருக்கிறது. ஆனால் அந்தக் கூடுகள் இருக்கும் கிளைக்கு மட்டும் அது இன்றுவரை இறங்கி வந்ததில்லை. வா என்று அவையும் கூப்பிட்டதில்லை.