பால் வாயை மூடிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் வீட்டுச் சாமான்களுக்கும் வாய் இருந்தது. தண்ணீர் குறைந்தால் குடம் சொல்லும். வெந்துவிட்டால் சோறு சொல்லும். பொங்குவதற்குக் கொஞ்சம் முன்பே பால் கூப்பிட்டுவிடும். அதனால் அடுப்படியில் யாரும் காவல் நின்றதில்லை.

செங்கமலம் என்று ஒருத்தி, பெரிய குடும்பத்துக்கு ஒரே மருமகள். விடிந்தால் காலில் சக்கரம்தான். மாமனாருக்கு வெந்நீர், மாமியாருக்குக் கஷாயம், கொழுந்தனுக்குத் துண்டு. அந்தத் துண்டு அவன் கைக்கு எட்டும் கொடியில்தான் கிடக்கும். ஆனாலும் அண்ணி வந்து எடுத்துத் தர வேண்டும். சோற்றைச் சூடாக, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான்.

ஒரு நாள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் தட்டைப் போட்டுக்கொண்டாள். அடுப்பில் குழந்தைக்கான பால் இருந்தது. சோற்றைப் பிசைந்ததும் கூடத்திலிருந்து மாமியார் கூப்பிட்டார், போய்விட்டு வந்தாள். புருஷன் செருப்பைக் காணோம் என்றான். தேடிக் கொடுத்துவிட்டு வந்தாள். சோற்றில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. கை வாய்க்குப் போகும் நேரம் பால் கூப்பிட்டது.

“அக்கா, பொங்கப் போறேன். வந்து இறக்கி வைங்க.”

எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

“நீயுமா? இனிமே என்னைக் கூப்பிடாதே. வாயை மூடு.”

அந்த வீட்டில் அவள் அதட்டக்கூடிய ஆள் பால் ஒன்றுதான்.

பால் நொந்துபோயிற்று. “சரிக்கா, கூப்பிடலை. நீங்க பார்த்துக்கிட்டே இருந்தா அடங்கிக் கிடக்கிறேன். கண்ணை எடுத்தா என்னால தாங்க முடியாது.”

செங்கமலம் நிமிரவில்லை. மூன்று கவளம் சாப்பிட்டிருப்பாள். சத்தமில்லாமல் பொங்கிய பால் அடுப்பை அணைத்து, தரையெல்லாம் ஓடியது. குழந்தை பசியில் வீறிட்டது. அவள் வெறும் சட்டியின் முன் உட்கார்ந்து, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று கெஞ்சி அழுதாள். பால் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது, பதில் பேசவில்லை. அதைப் பார்த்த குடமும் சோறும்கூட நமக்கு ஏன் வம்பு என்று பேச்சை விட்டுவிட்டன.

அன்று முதல்தான் பால், பார்த்துக்கொண்டு நின்றால் பொங்காமல் கிடக்கிறது, முகத்தைத் திருப்பினால் சொல்லாமல் பொங்கி வழிகிறது. கூடத்தில் இருப்பவர்களை மட்டும் இன்றுவரை யாரும் அதட்டவில்லை, அவர்கள் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.