சீலா மீன் படையல்

தூத்துக்குடியில் ஒரு பெரிய டாக்டர் இருந்தார். அவர் சொல்லுக்கு ஊரில் மறுபேச்சு கிடையாது. வீட்டில் அவருடைய அப்பா சுடலைமுத்துவுக்கும் அதே சட்டம்தான். நோய் முற்றி, இனி மருந்தில்லை என்று தெரிந்த பிறகும் கிழவருக்கு உப்பில்லாக் கஞ்சிதான்.

ஒருநாள் டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்தார். “உங்க காலத்துக்கு அப்புறம் என்னென்ன செய்யணும்னு சொல்லிருங்கப்பா. ஒரு குறையும் வைக்க மாட்டேன்.”

“படையல் போடுவியாய்யா?”

“போடாம? உங்களுக்குப் பிடிச்ச சீலா மீன் குழம்பே வைப்பேன்.”

“உப்புப் போட்டா?”

“உப்பில்லாம எப்படிப்பா?”

“யாரு திங்கது?”

“காக்காதான். அது தின்னா நீங்க தின்ன மாதிரி.”

“அப்ப நான் தின்னா அது தின்ன மாதிரிதானய்யா? காக்காகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ இன்னைக்கே இலையைப் போடு.”

டாக்டர் எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போனார்.

மதியம் இலை விரிந்தது. டாக்டரே பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தார். கிழவர் முதல் கவளத்தை ஜன்னலோரம் வைக்கச் சொன்னார்.

“அதுக்கும் கொஞ்சம் குடுத்திருய்யா. முன்கூட்டியே வாங்கித் தின்னுட்டேன்னு கோவிச்சுக்கிடப் போகுது.”