கனத்த மாப்பிள்ளையும் விழாத தேங்காயும்

மொண்ணைப்பட்டியில் மூளையைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக விளையும். அந்த ஊர் ஆவுடையப்பனுக்கு நாற்பது வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்து, அன்றைக்கு நிச்சயதார்த்தம். தட்டில் வைக்கும் தேங்காய் மாப்பிள்ளையின் சொந்த மரத்துக் காயாக இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். இல்லாவிட்டால் சம்பந்தம் முறிந்துவிடும். மரமேறியோ காலை ஒடித்துக்கொண்டு கிடந்தார். ஆவுடையப்பன் டீக்கடைக்குப் போய்ப் புலம்பினான்.

அங்கே இருந்த வெளியூர் வாத்தியார், "எதுக்குக் கவலை? பூமி கனமா இருக்கு, இழுக்குது. முத்தின காய் தானா விழும். கனமுள்ள எதுவும் மத்ததைத் தன் பக்கம் இழுக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். வாயை மூடிக்கொண்டு டீ குடித்திருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும்.

"நம்ம ஊர்ல யாருலே கனம்?" என்று கேட்டான் சிநேகிதன் சுடலைமாடன்.

எல்லாரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். தன் உடம்பு ஒரு காரியத்துக்கு உதவப்போவது அதுவே முதல் தடவை என்பதால் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டு வேட்டியோடு தென்னை மரத்தடியில் போய் உட்கார்ந்தான்.

காற்றடித்து ஒரு காய் அவன் தோளில் விழுந்தது. தலை தப்பியது. உள்ளே ஒன்றும் இல்லாததால் அதில் பெரிய லாபமில்லை. காய் துள்ளிப் பக்கத்து வாய்க்காலுக்குள் விழுந்து, தண்ணீரோடு போயே போய்விட்டது.

"உன்னைவிட வாய்க்கால் கனம்லே. அது இழுத்துட்டு" என்றான் சுடலைமாடன்.

"காலையில நான் பட்டினி. அதான்" என்றான் ஆவுடையப்பன், வெட்கத்தோடு.

அதற்குள் பெண் வீட்டார் பத்துப் பேர் வந்து இறங்கினார்கள். அவர்களுக்காவது புத்தி இருக்கும் என்று நினைத்தால், இருந்திருந்தால் இந்த வீட்டில் பெண் கொடுப்பார்களா? பெண்ணின் அப்பா குற்றாலிங்கம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்போ நாங்களும் உக்காருதோம்" என்றார். பத்துப் பேரும் மரத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு காய்கூட அசையவில்லை.

குற்றாலிங்கம் வெகுநேரம் யோசித்தார். "ஆளுக்கொரு பக்கம் இழுத்தா காய் பாவம், எந்தப் பக்கம் வரும்? கனத்தை ஒரே இடத்துல சேருங்க. ஒருத்தர் தோள்மேல ஒருத்தர் ஏறுங்க. மாப்பிள்ளைதான் அடியில."

ஏறினார்கள். உச்சியில் சுடலைமாடன். ஆவுடையப்பனுக்கு முழி பிதுங்கியது. ஆனாலும் கல்யாணம் நடக்க வேண்டுமே. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"விழுந்துச்சாலே?"

"எங்க விழுது? குலை முழுக்க என் மடியிலதான் தொங்குது. ஆனா ஒண்ணுகூட விழ மாட்டேங்குதே. இன்னும் ரெண்டு பேரை ஏத்துங்கலே."