ஒன்பது உறுமல்

தெய்வசிகாமணிக்கு அறுபத்தொரு வயது. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய குரு மாதங்கிக்கு முப்பத்து மூன்று. கோவையில் ஒரு மாடி அறையில் சிந்தசைசர் வாசிப்பவர். பழைய கோட்டை, இருட்டுக் குகை, டிராகன் எல்லாவற்றையும் வெறும் இசையிலேயே காட்டுவது அவர் வேலை. பாடகர் கிடையாது, பாட்டு வரியும் கிடையாது. குருவைவிட சிஷ்யர் இத்தனை மூத்தவராக இருப்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். இவர்கள் இருவருக்கும் அது பற்றிக் கவலையில்லை.

அன்று காலையிலேயே சிஷ்யர் வந்துவிட்டார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்க மேடம்.”

“என்ன சொன்னாங்க?”

“குகை நல்லா இருக்குதாம். டிராகனைத்தான் காணோம்னு எழுதியிருக்காங்க.”

அவர் வாசித்து அனுப்பிய டிராகன் குகை இசையைத் திருப்பி அனுப்பியது, கேசட் வெளியிடும் ஒரு வெளிநாட்டுக் குழு. சாயங்காலத்துக்குள் சரிசெய்து அனுப்பாவிட்டால் தொகுப்பில் அவருக்கு இடமில்லை. இரண்டு வருட உழைப்பு. இதுவும் கைவிட்டுப் போனால் சிந்தசைசரைப் பரணில் ஏற்றிவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

மாதங்கி அந்த இசையைப் போட்டுக் கேட்டார். ஏழு நிமிடம். அதில் ஒன்பது இடத்தில் உறுமல் வந்தது.

“போன தடவை எத்தனை உறுமல்?”

“நாலுங்க. பத்தலையோன்னு கூட்டிட்டேன். புலிச் சத்தம், லாரி பிரேக், எல்லாம் கலந்து செஞ்சது. இன்னும் ரெண்டு சேர்க்கட்டுங்களா?”

“முதல்ல வாசிச்சீங்களே, கம்ப்யூட்டர்ல சரி பண்றதுக்கு முன்னாடி. அது இருக்குதா?”

“அது வேண்டாமுங்க. ஒரே தப்பு.”

“போடுங்க.”

போட்டார். தாளம் அங்கங்கே தள்ளாடியது. நாலாவது நிமிடத்தில், வரவேண்டிய ஒரு சுரம் வரவில்லை. கொஞ்ச நேரம் எதுவுமே இல்லை. பிறகு அது மெதுவாக வந்தது. மாதங்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இங்க என்னாச்சு?”

“கை நின்னுபோச்சுங்க.”

“ஏன்?”

சிஷ்யர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

“சொன்னா சிரிப்பீங்க. குகைக்குள்ள ஏதோ புரண்டு படுத்த மாதிரி தோணுச்சு. அடுத்த கட்டையை அமுக்கறதுக்கே பயமாயிருச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னங்க, கை நின்ன இடத்தையும் விடாம, ஒவ்வொரு சுரமா இழுத்து, கம்ப்யூட்டர் திரையில இருக்கற தாளக் கோட்டுக்கு நேரா நிறுத்திட்டேன். முப்பது வருஷம் நிலம் அளந்த கை. இப்ப ஒரு நூல்கூட விலகாது.”

அதில் அவருக்குப் பெருமைதான்.

“அந்த டிராகன் கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடியே கொன்னுட்டீங்க சார்” என்றார் மாதங்கி. “செத்ததுக்கு எத்தனை உறுமல் வெச்சு என்ன ஆகப்போகுது?”