கோட்டை விட்டு விலகாதவர்

முன்னொரு காலத்தில், அரசருக்குத் தோன்றியதெல்லாம் ஆணையாகிவிடும் ஒரு நாட்டில், செவ்வந்தியப்பர் என்றொரு விகடகவி இருந்தார். அரசரைச் சிரிக்க வைத்தே அவருக்குத் தலை நரைத்துப்போனது. முழங்காலில் ஓயாத வலி. 'இன்றைக்கு என்ன தோன்றியிருக்கிறதோ' என்று பெருமூச்சு விட்டபடிதான் தினமும் சபைக்குள் நுழைவார்.

ஒருநாள் கடல் வணிகன் ஒருவன் அரசர் வீரகண்டருக்கு உலகப்படம் ஒன்றைப் பரிசளித்தான்.

"என் நாட்டின்மேல் வலை விரித்தவன் யார்?" என்று அதட்டினார் அரசர்.

"வலையல்ல, பிரபு. தரையில் இக்கோடுகள் கிடையாது. கணக்குக்காக வரைந்தவை. படுத்திருப்பவை அட்சக்கோடுகள், ஓர் இடம் எவ்வளவு வடக்கே, எவ்வளவு தெற்கே என்று சொல்லும். நிற்பவை தீர்க்கக்கோடுகள், கிழக்கையும் மேற்கையும் சொல்லும். இரண்டும் வெட்டும் புள்ளி தெரிந்தால் நடுக்கடலிலும் வழி தவறாது. படுத்தவை ஒன்றையொன்று தொடுவதேயில்லை. நிற்பவையெல்லாம் வடகோடியில் ஒன்றுகூடும்."

"அங்கே நம் கொடி பறக்க வேண்டும்!" என்றார் அரசர்.

அங்கே பனியைத் தவிர ஒன்றுமில்லை, போனவர் திரும்பியதில்லை என்று வணிகன் சொன்னது அவர் காதில் விழவில்லை. செவ்வந்தியப்பரைக் கண்டாலே எரியும் அமைச்சர் அனந்தகீர்த்தியின் காதில் நன்றாக விழுந்தது.

"இதற்குச் செவ்வந்தியப்பரே தகுதியானவர், பிரபு. நம் கொடிமரத்தின் வழியே போகும் தீர்க்கக்கோட்டிலேயே அவர் நடக்கட்டும். பக்கத்து ஊரில் பதுங்கிவிட்டு, போய்வந்தேன் என்று கதை விடக்கூடாதல்லவா? கோட்டை விட்டு ஓரடி விலகினாலும் தலை போகும் என்று ஆணையிடுங்கள்."

"அவ்வாறே ஆகட்டும்" என்றார் அரசர்.

செவ்வந்தியப்பர் வாதாடவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. மறுநாள் உச்சிவேளையில் எல்லோரையும் கொடிமரத்தடிக்கு அழைத்தார். மார்கழி வெயிலில் மரத்தின் நிழல் குறுகிக் குறுகி, மிகச் சிறியதானதும் அதன்மேல் கயிற்றைப் போட்டார்.

"இந்த நிழல் காட்டுவது நேர்வடக்கு. இதுதான் நம் கோடு" என்றார். வணிகனும் தலையசைத்தான்.

கயிற்றை நேரே இழுத்துக்கொண்டே போனார்கள். அது கோட்டைவாசலைத் தாண்டி, தெருவைக் கடந்து, அனந்தகீர்த்தியின் புதுமாளிகைச் சுவரில் போய் முட்டியது.

"இடியுங்கள்" என்றார் செவ்வந்தியப்பர், சோர்வாக.

"சுற்றிக்கொண்டு போமய்யா!" என்று அலறினார் அமைச்சர்.

"சுற்றினால் என் தலை போகுமே. நீர் கேட்டு வாங்கிய ஆணைதானே? கூடமும் பூசையறையும் களஞ்சியமும் கோட்டின்மேல்தான் இருக்கின்றன. நான் என்ன செய்யட்டும்?"

வீரர்கள் கடப்பாரையை ஓங்கினார்கள். அமைச்சர் ஓடிவந்து அரசரின் காலில் விழுந்தார். "பிரபு, ஆணையைத் திரும்பப் பெறுங்கள்!"

"இன்னொன்று, பிரபு" என்றார் செவ்வந்தியப்பர். "இதே கோடு வடக்கே தங்கள் மாமனாரின் அரண்மனைக்குள் போகிறது. அங்கும் கடப்பாரையோடுதான் போக வேண்டும்."

"ஐயோ, அரசிக்கு யார் பதில் சொல்வது? கொடியும் வேண்டாம், கோடியும் வேண்டாம்!" அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிச் செவ்வந்தியப்பரின் கழுத்தில் போட்டு, "வேறென்ன வேண்டும்?" என்றார்.

"ஒரு மாதம் யாரையும் சிரிக்க வைக்காமல் இருக்க அனுமதி வேண்டும், பிரபு."

அரசர் அதற்கும் சிரித்து, அனுமதி தந்தார்.

மூட்டை கட்டி அழுது முடித்திருந்த செவ்வந்தியப்பரின் மனைவி அலர்மேலு வீட்டு வாசலில் நின்றாள். "என்னாச்சுங்க? எப்பக் கிளம்பணும்?"

"போகல."

"அப்ப கையக் கழுவுங்க. சோறு ஆறுது."

அவள் இலை போட்டுத் திரும்புவதற்குள், மாலையைக்கூடக் கழற்றாமல், அவர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார்.